ரேடியோவுக்கு எதுக்குலே கோட்டு?

ஏலே பேராண்டி, சமுதாய வானொலியில பேட்டி எடுக்கப் போறியாமே! சந்தோசம். ஆனா ஒத்திகையில "உலகெங்கும் உள்ள நேயர்களே"ன்னு ஒரு இழு இழுத்தியே, அது ஆருக்குலே? ஒங்க நிலையத்துக்குச் சர்க்கார் விட்டிருக்கது 100 வாட்டு. முந்தி நம்ம தார்சாவுல தொங்குன குண்டு பல்பும் அதே 100 வாட்டுதான். பத்து, பதினஞ்சு கிலோமீட்டர் தாண்டுனாலே பெரிசு. அதுக்கு அங்கிட்டு இருக்க உலகம் ஒன்னயக் கேக்காமலே பொழைச்சுக்கிடும்.

சொந்தமாச் செய்தி வாசிக்க விடமாட்டேங்காவன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கியாம். ஆகாசவாணி செய்திய அப்படியே போடலாமாம். தண்ணி என்னைக்கு வரும், கரண்டு எப்பம் போவும்னு சொல்லலாமாம். கோட்டிக்காரா, நம்ம தெருவுக்கு அத விட என்னலே செய்தி வேணும்?

சரி, பேட்டிக்கு வா. நீ எழுதி வெச்ச கேள்வியப் பாத்தேன். "பாரம்பரிய விதைகளை மீட்டெடுக்கும் உங்கள் நெடிய பயணம் உள்ளத்துக்கு நிறைவைத் தருகிறது அல்லவா?" வந்த மனுசன் என்ன சொல்லுவாரு? "ஆமா"ம்பாரு. பதிலயும் நீயே சொல்லிட்டா அவரு எதுக்கு பஸ் ஏறி வரணும்? "அந்த நெல்ல ஏன் விட்டிய? ஏன் திரும்பப் போட்டிய?"ன்னு கேளு. கேட்டுட்டு வாய மூடு. கொஞ்ச நேரம் சும்மா இருப்பாரு. ஒனக்குப் பதறும். பதறி அடுத்த கேள்வியத் தூக்கிப் போட்டுராத. அப்படி யோசிச்சுட்டுச் சொல்லுததுதாம்லே சரக்கு.

ஊடால "ம்... ம்..."ன்னு கொட்டாத. மைக்குல அது மட்டுந்தான் கணீர்னு கேக்கும். தலைய ஆட்டு, போதும்.

மீன்பிடிக்க அண்ணாச்சி ஒருத்தரு வருவாரு. "இம்புட்டுப் பெரிய மீனு"ன்னு ரெண்டு கையயும் விரிப்பாரு. நீயும் கண்ண விரிச்சு "அடேயப்பா"ம்பே. அடுப்படியில கேட்டுக்கிட்டு இருக்க ஒங்க ஆச்சிக்கு அது அயிலயா, சுறாவான்னு எப்படிலே தெரியும்? "ஒம்ம நெஞ்சு மட்டுக்கு இருக்குமா அண்ணாச்சி?"ன்னு எடுத்துக் குடுக்கணும். அதுக்குத்தான் ஒன்னய அங்க உக்கார வெச்சிருக்கு.

பேரு வாங்கணும்னு பறக்கியே, ஒண்ணு கேளு. 1960-கள்ல திருச்சி வானொலியில ஆடுதுறை 27-ன்னு ஒரு நெல்லப் பத்திச் சொன்னாவ. தஞ்சாவூர்ச் சம்சாரிமாரு கேட்டுட்டுப் போயி நட்டாவ. அதுக்கு "ரேடியோ நெல்"லுன்னே பேரு வந்துட்டு. அத மைக்குல சொன்னது ஆருன்னு எவனாச்சும் கேட்டானா?

அடுத்த வாரம் பனையேறி தாத்தாவக் காலையில ஸ்டுடியோவுக்கு வரச் சொல்லியிருக்கியாமே. நல்லாருக்குலே! பதநீ காலத்துல விடியமுன்ன மரத்துல ஏறுனவரு, சாயங்காலமும் ஏறணும். நீ ஏசிய போட்டுக்கிட்டு உக்காந்திருப்பே, அவரு பாளையச் சீவாம ஒனக்குக் கத சொல்ல வரணுமாக்கும்? மத்தியானமா ரெக்கார்டரத் தூக்கிக்கிட்டு விளைக்கு நீ போ. அருவாளத் தீட்டுத சத்தத்தயும் சேத்துப் புடிச்சுட்டு வா. போறப்ப, பேட்டிக்குன்னு மாட்டிக்கிட்டுத் திரியுதியே, அந்தக் கோட்டக் கழத்திட்டுப் போ. ரேடியோவுக்கு எதுக்குலே கோட்டு?