பௌரான்காரர்

இலன் பைப் என்னும் துருத்திக்குழலைக் கைவசப்படுத்த 21 ஆண்டுகள் ஆகும் என்பது அயர்லாந்தில் சொல்வழக்கு. கற்க ஏழு, பழக ஏழு, வாசிக்க ஏழு. பௌரானுக்கு அப்படி ஒரு கெடுபிடியும் இல்லை. கடை திறந்திருந்தால் போதும்.

பௌரான் என்பது ஆட்டுத்தோல் போர்த்திய வட்டச் சட்டம். தூரத்திலிருந்து பார்த்தால் நம் பறைக்கு ஒன்றுவிட்ட தம்பி. தொடையில் நிறுத்தி, ஒரு கையைத் தோலுக்குப் பின்னால் கொடுத்து, மறுகையில் பிடித்த குட்டைக் கட்டையால் தட்ட வேண்டும். பின்கை அழுத்த அழுத்த நாதம் ஏறி இறங்கும். வித்தை எல்லாம் அந்தக் கையில்தான். நம் பௌரான்காரரின் அந்தக் கையில் பெரும்பாலும் கின்னஸ் பீர்க் கோப்பை இருக்கும்.

ஒரு காலத்தில் இந்த வாத்தியத்துக்குப் பெரிய வேலை என்றால் டிசம்பர் 26 அன்றுதான். ரென் குருவியின் பெயரைச் சொல்லி வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகும் கூட்டத்தில் இது முழங்கும். 1960களில் ஷான் ஓ ரியாதா என்ற இசையமைப்பாளர்தான் தம் குழுவில் இதற்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். கைதேர்ந்தவர்களுக்காகப் போட்ட நாற்காலி. நம்மவர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அவரைப் பார்க்க வேண்டுமானால் கால்வே நகரில், கோரிப் ஆறு கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு பப்புக்குள் மாலையில் நுழையுங்கள். மேடை, மைக் எதுவும் இருக்காது. மூலை மேசையைச் சுற்றி ஃபிடில், புல்லாங்குழல், கான்செர்டினா சேர்ந்த ‘செஷன்’. வட்டமான உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு இவர் உள்ளே வந்ததுமே ஃபிடில்காரி கண்களை மூடிக்கொள்வார். இசையில் கரைந்துவிட்டார் என்று சுற்றுலாப் பயணிகள் மெய்சிலிர்ப்பார்கள்.

“இங்கே உட்காரலாமா?”

“அதற்கென்ன, தாராளமாக!”

முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று சொல்வது அந்த ஊர்ப் பண்பாட்டில் இல்லை. அதனால் போர் எல்லாம் மறைமுகமாகவே நடக்கும். முதல் அம்பு, ஸ்லிப் ஜிக் என்ற மெட்டு. சாதாரண ஜிக் 6/8 தாளம், ரீல் 4/4. இவற்றை அவர் ஒருவாறு துரத்திப் பிடித்துவிடுவார். ஸ்லிப் ஜிக் 9/8. அவர் ஆறோடு முடித்துவிட்டு மற்றவர்களுக்காகப் பெருந்தன்மையோடு காத்திருப்பார். அடுத்தது, தாளக்கட்டே இல்லாத ஸ்லோ ஏர். அதற்கும் அசரமாட்டார், தாளம் இல்லாத குறையைத் தாமே தீர்த்துவைப்பார்.

பப்காரரும் தம்மால் ஆனதைச் செய்வார். மீனும் மட்டியும் பாலாடையும் சேர்த்த சவுடர் சூப், கூடவே வெண்ணெய் தடவிய சோடா ரொட்டி, “நம்ம கணக்கு” என்று கொண்டுவந்து வைப்பார். கரண்டி கைக்கு வந்தால் கட்டை கீழே போகும் என்பது அவர் கணக்கு. அயர்லாந்தில் கரண்டியும் தாள வாத்தியம்தான் என்பது அவருக்கு மறந்துபோயிருக்கும். சூப்பை வழித்துக் குடித்துவிட்டு நம்மவர் பணிவாக இன்னொரு கரண்டி கேட்பார்.

கடைசி ஆயுதம் ஷான் நோஸ் பாட்டு. ஒரு பாட்டி பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் ஐரிஷ் மொழியில் பாட ஆரம்பிப்பார். பப் முழுவதும் மூச்சடக்கிக் கேட்கும். நம்மவரும் கண்கலங்கிக் கேட்பார். ஆனால் கால் மட்டும் பலகைத் தரையில் டொக், டொக்.

பௌரானை எதைக் கொண்டு வாசித்தால் நன்றாக இருக்கும்? பேனாக்கத்தி. துருத்திக்குழல் மேதை ஷேமஸ் என்னிஸ் சொன்னதாகச் சுற்றிவரும் இந்தக் கேலியை இவரே எல்லோருக்கும் சொல்லி, எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பார். அது வேறு யாரோ ஒரு பௌரான்காரரைப் பற்றியது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

அந்த வேறு யாரோ சில நாள் நிஜமாகவே வந்துவிடுவதும் உண்டு. ஒரு கல்லூரிப் பெண், கையில் புத்தம்புது பௌரான். “உட்காரலாமா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தும்விடுவாள். நம்மவர் முகம் சுண்டிப்போகும். ஃபிடில்காரியின் காதோரம் குனிவார்.

“ஒரு செஷனுக்கு ஒரு பௌரானே அதிகம். இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டாமா?”

“சொல்லத்தான் வேண்டும்” என்பார் ஃபிடில்காரி, ஏக்கத்தோடு.

“அப்படிச் சொல்லுங்கள்!” என்று தலையாட்டிவிட்டுக் கட்டையைக் கையில் எடுப்பார்.