கோரம் இருக்கா?

எங்கள் ஊரில் மாவட்ட ஆட்சியர் பெயரைக் கேட்டால் பாதிப் பேர் தலையைச் சொறிவார்கள். வால்வு திருப்புகிற இரும்புச் சாவி யார் வீட்டுத் திண்ணையில் சாத்தியிருக்கிறது என்று கேட்டால் பால்வாடிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் போகும் என்று முடிவு செய்கிறவர் அந்தச் சாவிக்காரர்தான். ஊராட்சித் தலைவரை எதிர்த்துத் தேர்தலில் நின்றவர்கள் உண்டு. சாவிக்காரரைப் பார்த்து முகம் சுளித்தவர்கூடக் கிடையாது. தீபாவளிக்கு எந்தெந்தத் தெருவிலிருந்து அவர் வீட்டுக்கு முந்திரிக்கொத்து போகிறது என்று பார்த்தாலே அந்த வருஷம் எங்கே தண்ணீர்க் கஷ்டம் என்று தெரிந்துவிடும்.

சட்டத்தில் அவருக்கு இந்த அதிகாரம் எல்லாம் கிடையாது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி குடிநீர் கொடுக்க வேண்டியது ஊராட்சி. ஊராட்சியைக் கேள்வி கேட்க வேண்டியது கிராம சபை. கிராம சபை என்றால் வேறு யாரோ அல்ல, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற நாம்தான். முன்பு வருஷத்துக்கு நான்கு கூட்டம். 2022இல் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ஐயும் உள்ளாட்சி தினமான நவம்பர் 1-ஐயும் சேர்த்து ஆறாக்கினார்கள். தண்ணீர் தினத்துக் கூட்டம் நெல்லைப் பக்கம் வெயில் ஏறத் தொடங்குகிற நேரத்தில் வரும். அன்றைக்குப் பெரும்பாலும் குழாயில் காற்றுத்தான் வரும் என்பதால், பேச விஷயத்துக்குப் பஞ்சமில்லை.

ஆளுக்குத்தான் பஞ்சம். ஐந்நூறு பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, மூவாயிரம் வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300 என்று கோரத்தை, அதாவது குறைந்தபட்ச வருகையை, அரசு நிர்ணயித்திருக்கிறது. நாங்கள் நூறு பேர் கூட வேண்டிய ரகம். பந்தல் போட்டவர்கள், மைக் செட்டுக்காரர், அவரோடு வந்த பையன் எல்லாரையும் சேர்த்தாலும் ஐம்பதைத் தாண்டாது. ஒன்றிய அலுவலகத்திலிருந்து பற்றாளர் என்று ஒருவர் வருவார். எல்லாம் முறைப்படி நடக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. வண்டியை ஸ்டாண்டு போடும்போதே கேட்பார்: “கோரம் இருக்கா?”

“வந்துக்கிட்டே இருக்கு சார்” என்பார் ஊராட்சிச் செயலர்.

கோரம் வராது, தீர்மானப் புத்தகம்தான் கோரத்தைத் தேடிப் போகும். டீக்கடை, ரேஷன் கடை வரிசை, நூறு நாள் வேலை நடக்கிற ஓடைக்கரை என்று ஒரு சுற்று வரும். அந்தப் புத்தகத்துக்கு இருக்கிற கால் வேறெந்த அரசு ஆவணத்துக்கும் கிடையாது. போன இடத்தில் யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. “தண்ணிக்கா? கொண்டா” என்று போட்டுக் கொடுப்பார்கள். கையெழுத்துகளுக்கு மேலே பக்கம் வெள்ளையாக இருக்கும். சாயங்காலம் தீர்மானம் அதில் வந்து உட்காரும்.

இதற்கு நடுவே கூட்டம் தொடங்கிவிடும். முதலில் பேசுகிறவர் எப்போதும் ஓய்வு பெற்ற வாத்தியார். மதிப்பிற்குரிய தலைவர், மரியாதைக்குரிய துணைத் தலைவர், பாசத்திற்குரிய வார்டு உறுப்பினர்கள், ஒன்றியத்திலிருந்து வருகை தந்திருக்கும் பற்றாளர், தாய்மார்கள், பெரியோர்கள், எதிர்காலத் தூண்கள் என்று வணக்கம் வைத்து முடிப்பதற்குள் செயலர் ஒரு டீ குடித்துவிட்டு வருவார். கலிபோர்னியாவில் இருக்கிற என் தங்கை மகன் அந்த ஊர்த் தண்ணீர் வாரியக் கூட்டத்துக்குப் போய் வந்து ஒருமுறை போனில் சொன்னான். அங்கே 1953இல் வந்த பிரௌன் சட்டம் என்று ஒன்று. வழக்கமான கூட்டம் என்றால் 72 மணி நேரத்துக்கு முன்பே, என்னென்ன பேசப் போகிறோம் என்று எழுதி ஒட்டிவிட வேண்டும். பட்டியலில் இல்லாததை அன்றைக்கு முடிவு செய்யக் கூடாது. யாரும் எழுந்து பேசலாம். ஆனால் பெரும்பாலும் ஆளுக்கு மூன்று நிமிஷம். “மூணே நிமிஷமா? எங்க வாத்தியார் அதுல துணைத் தலைவரையே தாண்ட மாட்டாரே” என்றேன். “அங்கயும் யாரும் வரதில்ல மாமா, ஹால் காலியாத்தான் கிடந்தது” என்றான். மனசு கொஞ்சம் ஆறியது.

மதுரைப் பக்கத்து மைத்துனர் வேறு விதமாக அலுத்துக்கொண்டார். தமிழ்நாட்டில் 28 மாவட்டங்களின் ஊராட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. எங்கள் மாவட்டத்தில் 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது என்பதால் தலைவர் இருந்தார். “உங்களுக்காவது நேருக்கு நேரா திட்டறதுக்கு ஒரு ஆள் இருக்கார் மாப்ள” என்றார் அவர். ஜனநாயகத்துக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

வாத்தியாருக்குப் பிறகு செயலர் எழுந்து ஜல் ஜீவன் திட்டம் பற்றி வாசிப்பார். 2019இல் தொடங்கியது, வீட்டுக்கு வீடு குழாய், ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். போன கூட்டத்தில் கீழத்தெரு ஆச்சி ஒருத்தி அங்கேயே நிறுத்தினாள்.

“அம்பத்தஞ்சு லிட்டர்னா எத்தன கொடம்யா?”

செயலர் கணக்குப் போட்டார். பிளாஸ்டிக் குடம் பதினைந்து லிட்டர் பிடிக்கும். “மூணே முக்கா வரும் ஆச்சி.”

“எனக்கு ஒன்ற கொடந்தான வருது. மிச்சத்த யாரு குடிக்கா?”

கிராம சபையில் என் காதில் விழுந்த கேள்விகளிலேயே உருப்படியானது இதுதான். பதில் வருவதற்குள் யாரோ தெருவிளக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் சபையில் ஒரு கேள்விக்குப் பதில் இன்னொரு கேள்விதான்.

ஆச்சியின் கேள்விக்குப் பதில் பந்தலுக்குப் பின்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைப் பிளெக்ஸ் அடித்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது விதி. வைத்திருந்தார்கள். ஜமக்காளம் விரித்த பக்கத்துக்கு முதுகைக் காட்டி, எறும்பு வாசிக்கிற எழுத்தில். நான் சுற்றிப் போய்ப் பார்த்தேன். மோட்டார் கரண்டு பில், பைப் லைன் பழுது, தொட்டி சுத்தம், பிளீச்சிங் பவுடர். கடைசிக் குழாயில்கூட லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். பிளெக்ஸில் இருந்த தொகைக்கு வாங்கிய பவுடரையெல்லாம் உண்மையிலேயே தொட்டியில் போட்டிருந்தால், எங்கள் ஊர் வேட்டிகள் தும்பைப்பூவாகப் பளபளத்திருக்கும். செயலரிடம் இரண்டு வரி விளக்கம் கேட்டேன். “ஆபீஸுக்கு வாங்க அண்ணாச்சி, பேசிக்கிடலாம்” என்றார். எல்லாரையும் கூட்டிவைத்த இடத்தில் கேட்டதற்கு, தனியாக வா என்று பதில். மறுவாரம் அதே பிளெக்ஸ் ஒருவர் வீட்டு வைக்கோல் படப்பை மூடியிருந்தது. எழுத்து இந்த முறை வெளிப்பக்கம். பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது என்றால் அதுதான்.

கூட்டத்துக்கு வருகிறேன். வெளிப்படைத்தன்மை வேண்டும் என்ற கோஷம் உச்சத்தில் இருந்தபோது, தலைவர் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். “எல்லாத்தையும் வெளிப்படையா சொல்லச் சொல்லுதீங்க. சரி. ஊராட்சிக் குழாயில மோட்டார் போட்டுத் தண்ணி இழுக்கிற வீடுகளக் கணக்கெடுத்திருக்கோம். லிஸ்ட்டு இந்தா இருக்கு. வாசிச்சிருதேன்.”

அப்படியொரு அமைதியை எங்கள் ஊர் கண்டதில்லை. மைக் செட்டின் இரைச்சல் மட்டும் கேட்டது.

“பேரெல்லாம் எதுக்கு? அது அவங்கவங்க சொந்த விஷயம்லா” என்றார் வாத்தியார், வணக்கம் எதுவும் வைக்காமல்.

“தெரு பேர மட்டும் சொன்னாப் போதும்” என்றார் ஒருவர்.

“தெருவச் சொன்னா ஆளத் தெரிஞ்சிருமே. மேக்கயா கெழக்கயான்னு மட்டும் சொல்லலாம்” என்றார் இன்னொருவர்.

திசையும் வேண்டாம் என்று கடைசியில் முடிவாயிற்று. அதற்குள் ஜமக்காளத்தில் பாதி காலி. “மாடு அவுக்கணும்”, “அடுப்புல உலை வச்சிட்டு வந்துட்டேன்” என்று கிளம்பியவர்களை வைத்தே அந்தக் காகிதத்தை நானே எழுதியிருக்கலாம். ஆச்சி மட்டும் அசையாமல் உட்கார்ந்து, போகிற ஒவ்வொருவரையும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சம் இரண்டே கால் குடம் எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தலைவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். ஒரு மணி நேரமாக வாங்கின திட்டுக்கெல்லாம் சேர்த்து ஒரு புன்னகை. “சிலர் மின்மோட்டார் மூலம் குடிநீர் உறிஞ்சுவதாகத் தெரிய வருவதால் அவ்வாறு செய்ய வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளத் தீர்மானிக்கப்பட்டது” என்று பதிவாயிற்று. ஒருமனதாக.

பற்றாளர் மட்டும் எதுவும் பேசவில்லை. கோரம் அவருக்குப் புத்தகத்தில் இருந்தது.

ஊராட்சியை மட்டும் குறை சொல்ல நான் வரவில்லை. கணக்கை மறைக்கிறவர்களுக்கும் மோட்டாரை மறைக்கிறவர்களுக்கும் இடையே எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. நீ பவுடரைக் கேட்காதே, நான் மோட்டாரைக் கேட்க மாட்டேன். இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவர்கள் ஆச்சி மாதிரி மோட்டார் வாங்க வசதியில்லாதவர்கள்தான்.

மேடையில் யாராவது உத்திரமேரூர் என்று தொடங்கினால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலை, ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம், எல்லாம் பெருமைதான். ஆனால் அந்த வாரியத்துக்கு வர நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் படிப்பும் வேண்டும். ஆச்சியை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். அதில் எனக்குப் பிடித்தது ஒரே விதிதான்: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது, அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களும் வர முடியாது. அதை இன்றைக்குக் கொண்டுவந்தால் எங்கள் ஊரில் தேர்தலில் நிற்க ஆள் கிடைக்காது. எல்லாரும் எல்லாருக்கும் மாமன் மச்சான்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஊரிலும் இதே தேதிகள்தான். அடுத்த கூட்டத்துக்குப் போனால், எந்தத் தெரு வால்வு எந்தக் கிழமை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லி ஒரு தீர்மானம் கேளுங்கள். அதை எழுதி, மைக்கில் வாசித்து முடித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெள்ளைத் தாளில் போடாதீர்கள். கோரம் சேரவில்லை என்று பற்றாளர் பதறுவார். பதறட்டும்.