ஏனுங்க ஜிபிடி, சாப்டாச்சுங்களா?

கோயமுத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம், சின்னவேடம்பட்டி என்று எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். வெள்ளைச் சட்டை, வேட்டி ஓரத்தில் கிரீஸ், காதோரம் பென்சில். மூன்று லேத்து போட்டு, பம்புக்கு இம்பெல்லரும் ஷாஃப்ட்டும் கடைந்து கொடுக்கும் பட்டறைக்காரர். 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின் மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. எந்த மெஷின் வந்தாலும் கழற்றிப் பார்க்காமல் இங்கே யாருக்கும் தூக்கம் வராது. சாட்ஜிபிடியைக் கழற்ற வழியில்லை. அதனால் இவர் அதனோடு பழக ஆரம்பித்துவிட்டார்.

2022 நவம்பர் 30 அன்று அது வெளிவந்தபோது இவர் கண்டுகொள்ளவில்லை. மகன் போனில் ஏற்றிக் கொடுத்த பிறகுதான் வீட்டுக்குப் புது ஒறம்பரை வந்தது. டைப் அடிக்கப் பொறுமை கிடையாது. மைக்கை அமுக்கிப் பேச்சுத்தான். "ஏனுங்க, நல்லா இருக்கீங்களா? சாப்டாச்சுங்களா?" என்றுதான் தொடங்குவார். தான் சாப்பிடுவதில்லை என்று அது பணிவோடு சொல்லி, இவர் நலனை விசாரித்தது. அன்றோடு விழுந்தவர்தான். "பாரு கண்ணு, நம்மளையும் விசாரிக்குது. மருவாதி தெரிஞ்சது" என்றார். ஒரே தொல்லை லேத்துச் சத்தம்தான். இவர் "ஷாஃப்ட்" என்பது அதற்குச் "சாப்டு" என்று கேட்கும். ஷாஃப்ட் விலையை விசாரித்தவருக்கு ஒரு நாள் மதியச் சாப்பாட்டு யோசனை வந்தது.

மெஷினுக்கு மரியாதை எதற்கு என்று மகனுக்கு எரிச்சல். 2025 ஏப்ரலில் இதே கேள்வி எக்ஸ் தளத்தில் வந்தது. ஜனங்கள் ப்ளீஸ், தேங்க்யூ போடுவதால் அதைச் செய்த ஓபன்ஏஐ கம்பெனிக்குக் கரண்டுச் செலவு எவ்வளவு ஆகியிருக்கும் என்று ஒருவர் கேட்க, கோடிக்கணக்கான டாலர், நல்ல செலவுதான் என்று அதன் தலைவர் சாம் ஆல்ட்மன் பாதி விளையாட்டாகப் பதில் போட்டார். மகன் இதைப் படித்துக் காட்டினான். "அதுல பாதி நம்ம கோயமுத்தூர்க் கணக்காத்தான் இருக்கும்" என்று இவர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

மகன் இன்ஜினியரிங் முடித்தவன். ப்ராம்ட் எழுதுவதற்கென்றே ஆன்லைன் வகுப்பில் சேர்ந்து சான்றிதழும் வாங்கியவன். 'நீ இருபது வருட அனுபவமுள்ள நிதி மேலாளர். பாக்கியை நினைவூட்டி நூறு சொல்லில் மெயில் எழுது' என்று அடிப்பான். எந்தக் கம்பெனி எந்தக் கம்பெனிக்கு வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய ஒரு மெயில் வரும். அப்பா அப்படியில்லை. பாக்கி வைத்திருக்கும் இந்தூர் பார்ட்டியோடு எத்தனை வருஷப் பழக்கம், அவருடைய அப்பா இங்கே வந்தபோது நம் வீட்டில் கை நனைத்தது, போன தையில் அவர் மகள் கல்யாணத்துக்குப் போக முடியாமல் போனது, சித்திரையில் அனுப்பிய சரக்கு, வெண்கலம் ஏறின விலை, வருகிற தீபாவளி போனஸ் என்று ஒன்றுவிடாமல் மைக்கில் கொட்டுவார். ப்ராம்ட் வகுப்புகளில் தலையால் தண்ணீர் குடித்துச் சொல்லித்தரும் பின்னணி விவரம் இதுதான். விஷயத்துக்கு வரத் தெரியாத ஒருவர் அதை வட்டியோடு கொடுத்துவிடுகிறார். வந்த கடிதத்தைப் படித்த மகன் அசந்துபோனான். அவ்வளவு பாந்தம், அவ்வளவு பாசம்.

அதில் பணத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. இவர் எங்கேயும் 'காசை அனுப்பச் சொல்லுங்க' என்று சொல்லவே இல்லையே! பழகின மனுசரிடம் வாய்விட்டு எப்படிக் கேட்பது? இந்தூர்க்காரர் மனம் உருகி நன்றி எழுதினார். கூடவே இன்னும் இருநூறு இம்பெல்லர் கடனுக்குக் கேட்டார்.

வேடிக்கை என்னவென்றால், இதே ஆள் பக்கத்துப் பட்டறைக்கு ஜாப் ஒர்க் கொடுக்கும்போது ஒரு சொல் கூடுதலாகப் பேசமாட்டார். டிராயிங், எஸ்எஸ் 410, 25 மில்லிமீட்டர், கூடக்குறைய எத்தனை மைக்ரான் போகலாம், எந்தத் தேதிக்கு வேண்டும், அவ்வளவுதான். "ஏனுங்ப்பா, அதுக்கும் இப்புடியே சொல்லிப்போடுங்க" என்றான் மகன். அவன் வாங்கிய சான்றிதழுக்கு உருப்படியாக ஆன ஒரே பிரயோசனம் இந்த வாக்கியம்.

மறு கடிதத்துக்குப் பில் நம்பர், தொகை, தேதி எல்லாம் சொன்னார். சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால், 2024 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த வரிச் சட்டப் பிரிவின்படி, பணம் கொடுக்கும்வரை வாங்கியவர் அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. இதையும் சேர்க்கச் சொன்னார். மெஷின் தன்பாட்டுக்கு இன்னொரு பிரிவையும் நுழைத்திருந்தது. ஆடிட்டர் பார்த்து அடித்துவிட்டார். நல்லவேளை.

பாதிப் பணம் வந்துவிட்டது. மீதிக்குத் தவணை கேட்டு இந்தூரிலிருந்து ஒரு மெயில் வந்தது. அதுவும் சாட்ஜிபிடி எழுதியதுதான் என்று இரண்டாவது வரியிலேயே இவர் கண்டுபிடித்துவிட்டார்.

"நம்மூட்டுல ஆரையும் ஒரு வார்த்த விசாரிக்கல பாரு. அவனுக்குப் ப்ராம்ட்டுப் போடத் தெரியல கண்ணு."