ரெண்டு இஞ்ச் கூட வை

ஏப்ரல் 15 வந்தால் போதும், கடுவையாற்றங்கரையில் அத்தனை விசைப்படகுகளுக்கும் ஒரே நாளில் உடம்பு சரியில்லாமல் போய்விடும். மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாள், 2017 முதல் 61 நாள். பதினாறு நாள் கூடக் கிடைத்தும், ஓனர்கள் புரொப்பல்லரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வருவது என்னவோ ஜூன் பிறந்த பிறகுதான்.

நான் எடுபிடியாகச் சேர்ந்த எண்பதுகளில் இந்தத் தடையெல்லாம் கிடையாது. மணல்திட்டில் இடித்த புரொப்பல்லரை ஆள் முங்கிக் கழற்றி, ராத்திரியில் கொண்டுவந்து போடுவார்கள். விடிவதற்குள் வேண்டும். மேஸ்திரி ஒவ்வொரு பிளேடாகச் சுத்தியலால் தட்டுவார். கணீரென்றால் சரி, சொத்தென்றால் விரிசல். ஓரம் செம்பு நிறத்தில் சிவந்திருந்தால் முகம் சுளிப்பார். உப்புத்தண்ணீர் துத்தநாகத்தைத் தின்றுவிட்டு வெறும் செம்பை மிச்சம் வைத்திருக்கிறது. அதில் பற்று நிற்காது.

அடுத்தது பிட்ச், ஒரு முழுச் சுற்றில் புரொப்பல்லர் திருகுபோல முன்னேறவேண்டிய தூரம். புரொப்பல்லரை இரும்புத் தகட்டில் கிடத்தி, சாக்பீஸால் வட்டம் போட்டு, ஒரு பிளேடில் 30 டிகிரி இடைவெளியில் இரண்டு புள்ளி வைப்பார். இரண்டின் உயரத்தையும் மூலைமட்டம் வைத்து அளப்பார். வித்தியாசத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் பிட்ச். ஒரு முழுச் சுற்றில் பன்னிரண்டு முப்பது இருக்கிறதல்லவா. இரண்டு இஞ்ச் வந்தால் 24. அடுத்த பிளேடில் ஒன்றே முக்கால் வந்தால் 21. அந்த மூன்று இஞ்ச்தான் வீல்ஹவுஸில் டீ கிளாசை ஆட்டிவைப்பது.

சூடுகாட்டி, அடித்து, பற்றவைத்து, நுனியை அராவி மூன்று பிளேடையும் ஒன்றுபோல ஆக்குவார். ஒவ்வொரு ரிப்பேருக்கும் விட்டம் கொஞ்சம் குறையும். தள்ளவேண்டிய தண்ணீர் குறைந்ததும் இன்ஜின் லேசாகிச் சீறும். "மேஸ்திரி கை வச்சதும் வண்டி என்னமா பறக்குது!" என்பார் ஓனர். சீறுவது இன்ஜின்தான், படகு அல்ல. மேஸ்திரி ஒருநாளும் மறுத்ததில்லை.

பற்றவைக்கும்போது கிளம்பும் வெள்ளைப்புகையால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும், மறுநாள் போய்விடும். அதற்கு ஓனர் செலவில் ஆளுக்கு ஒரு சொம்பு பால். பாலுக்கும் அந்தக் காய்ச்சலுக்கும் சம்பந்தமே இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. தெரிந்து என்ன, பால் நின்றதுதான் மிச்சம்.

இப்போது ஆர்கான் வெல்டிங். சென்சார் கை பிளேடின்மேல் ஊர்ந்து போகிறது. பிட்ச் கலர் கலராகத் திரையில் விரிகிறது. எந்தப் பிளேடில் எந்த இடத்தில் எவ்வளவு கூட என்பது வரைக்கும் சொல்லிவிடுகிறது. பட்டறைத் தம்பி ரிப்போர்ட்டை அச்சடித்து நீட்டுகிறான். ஓனர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்.

"பக்கத்துப் படகுக்கு எவ்வளவு தம்பி?"

"24ண்ணே."

"நமக்கு ரெண்டு இஞ்ச் கூட வை."

தம்பி பொறுமையாக விளக்குகிறான். முழு ஆக்சிலேட்டரில் இன்ஜின் அதற்குரிய ஆர்பிஎம்மைத் தொடவேண்டும். பிட்சைக் கூட்டினால் தொடாது, திணறிக் கரும்புகை கக்கும், டீசல்தான் கரையும். ஓனர் கடைசிவரை தலையாட்டிக் கேட்கிறார்.

"சரிப்பா. ஒரு இஞ்சாவது வை."

மேஸ்திரியிடமும் இதே கேள்விதான் வரும். "வச்சாச்சுண்ணே" என்பார், எதையும் தொடாமல். ஓனர்களும் மறுநாள் கடலுக்குப் போய்வந்து, நல்ல வித்தியாசம் தெரிவதாகச் சொல்வார்கள். தம்பிக்கு அந்த வசதி இல்லை, ரிப்போர்ட் ஓனர் பையில் இருக்கிறது.