ஆணிமுத்தும் அலாய் வீலும்: தூத்துக்குடிக் கரையில் சக்கர அளவியல் குறித்த ஓர் ஆய்வு

வட்டமான பொருளை எண் சொல்லி விற்பதில் தூத்துக்குடிக்கு இருக்கும் முன்னனுபவம் நாட்டின் வேறெந்த டயர்க்கடை வீதிக்கும் கிடையாது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் வியாபாரிகள் முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளில் இட்டு அரித்துப் பிரித்தார்கள். சல்லடைகள் பத்து: 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். இருபதில் தங்குவது பெருமுத்து, கடைசியில் மிஞ்சுவது தூள். உருட்சியும் ஒளியும் குறைவற அமைந்தது ஆணிமுத்து. விலைக்குத் தனிக் கணக்கு இருந்தது. அதற்குச் செவ்வு என்று பெயர். மஞ்சாடி எடையின் வர்க்கத்தை முக்காலால் பெருக்கி, முத்துகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இரண்டு மஞ்சாடி முத்து ஒன்றுக்கு மூன்று செவ்வு வரும், நான்கு மஞ்சாடி முத்து ஒன்றுக்குப் பன்னிரண்டு. எடை இருமடங்கானால் மதிப்பு நான்மடங்கு. அலாய் வீல் கடைக்குப் போய் வந்தவர்களுக்கு இந்தச் சூத்திரத்தை விளக்கத் தேவையில்லை.

1961-ஓடு கரையின் பெரிய முத்துக்குளிப்புகள் ஓய்ந்தன. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இதே ஊரில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். 2025 ஆகஸ்ட் 4 அன்று வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் கார் தொழிற்சாலையும் இங்கே திறக்கப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் இவ்வூரின் சக்கர அளவு பற்றி முறையான ஆய்வு ஒன்றும் வராதது தமிழாய்வுலகின் குறை. அதை இக்கட்டுரை ஓரளவு தீர்க்க முயல்கிறது.

முதலில் ஆய்வுப் பொருளை வரையறுப்போம். தொழிற்சாலையிலிருந்தே ஸ்போர்ட்ஸ் காராக வந்த வண்டி இக்கரையில் அரிது. மாருதி ஸ்விஃப்டை வாங்கி, அதை ஸ்போர்ட்ஸ் கார் ஆக்குவதே வழக்கம். ஒட்டுப்படம், சைலன்சர், சக்கரம் என்ற மூன்றும் இந்த ஆக்கத்தின் படிகள். முதல் இரண்டும் ஒலி, ஒளி சார்ந்தவை என்பதால் அவற்றைப் பிற ஆய்வாளர்களுக்கு விட்டுவிடலாம்.

ஸ்விஃப்டின் அடிப்படை வகைகளில் வரும் டயர் 165/80 ஆர்14. இந்த ஒரே வரியில் மூன்று அளவு முறைகள் குடியிருக்கின்றன. 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் இத்தனை சதவீதம் என்று. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். நடுவில் நிற்கும் ஆர் ரேடியல் டயரைக் குறிக்கிறது. மஞ்சாடியும் சல்லடை எண்ணும் வைத்து வியாபாரம் செய்தவர்கள் இதைப் பார்த்திருந்தால், தங்கள் முறை எவ்வளவோ ஒழுங்கானது என்று பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

கணக்குக்கு வருவோம். 165-ல் எண்பது சதவீதம் 132 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 264. பதினான்கு அங்குலம் 355.6. ஆக முழு விட்டம் 619.6 மி.மீ. உயர்ந்த வகைகளுக்கு மாருதியே தரும் 185/65 ஆர்15-ஐக் கணக்கிட்டால் 621.5 வருகிறது. பட்டறைகளில் பெரிதும் விரும்பப்படும் 195/55 ஆர்16-க்கு 620.9. இன்னும் ஆசை மிகுந்து 205/45 ஆர்17-க்குப் போனால் 616.3. ஆசை எல்லை கடந்து 205/40 ஆர்18 என்றால் 621.2.

இங்கேதான் இவ்வாய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு இருக்கிறது. ரிம்மைப் பெரிதாக்க விரும்பும் இளைஞர் சொல்லும் காரணம், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி தெரிகிறது, பார்க்க நன்றாயில்லை என்பது. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாதிருக்க, முழு விட்டம் பழைய அளவிலிருந்து மூன்று சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது டயர்க்காரர்கள் வைத்திருக்கும் வழக்கமான வரம்பு. மேலே சொன்ன அளவுகள் எல்லாம் அதற்குள் அடங்குபவை. ஆகவே முறைப்படி பதினெட்டு அங்குல ரிம் போட்டவரின் வண்டியிலும் அந்த நாலு விரல் அப்படியே இருக்கும். மாறியது ஒன்றுதான்: 132 மி.மீ. ரப்பர் இருந்த இடத்தில் 82 மி.மீ. ரப்பர். ஐந்து சென்டிமீட்டர் ரப்பரை உலோகமாக மாற்றிக்கொள்ளத்தான் அவ்வளவு பணம்.

அந்த ஐந்து சென்டிமீட்டர் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பது துறைமுகச் சாலையில் தெரியும். வ.உ.சி. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்களில் ஓடுவது 10.00 ஆர்20 வகை டயர். ஒரு மீட்டரைத் தாண்டும் விட்டம். இருபது அங்குல ரிம் என்பது இவ்வூரில் லாரியின் பிறப்புரிமை. அந்த டிரெய்லர்கள் தோண்டிய பள்ளத்தில் மெல்லிய பக்கச்சுவர் கொண்ட டயர் இறங்கும்போது, பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்மின் உதட்டுக்கும் நடுவே டயர் நசுங்குகிறது. உள்ளே நூலிழை அறுந்தால் பக்கச்சுவரில் கொப்புளம் புடைக்கும். பஞ்சர் கடைக்காரர் அதைப் பார்த்து, “அண்ணாச்சி, இதுக்கு ஒட்டு கிடையாது, புது டயர்தான்” என்பார். உப்பளக் காற்று மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். மேல்பூச்சு கீறிய அலுமினிய ரிம்மில் வெள்ளைப் பொடி பூக்கும். டயர் வந்து அமரும் விளிம்பில் அது பூத்தால் காற்று மெல்ல மெல்ல இறங்கும்.

பெரிய ரிம் வேகத்தின் அடையாளம் என்னும் வாதத்தையும் பரிசீலிக்க வேண்டும். கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டியபோது அந்தக் காரில் இருந்தது 13 அங்குல ரிம். மாருதி 800-ன் ரிம்மைவிட ஒரே ஓர் அங்குலம் கூடுதல். 2021 வரை அந்தப் பந்தயம் முழுவதும் பதின்மூன்றில்தான் ஓடியது. 2022-ல்தான் பதினெட்டுக்கு மாறினார்கள். சுசுகியே வெளிநாட்டில் விற்ற ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டும் 195/45 ஆர்17-ஓடு நின்றுவிட்டது.

அந்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் ரிம்மை எங்கிருந்தோ வரவழைக்கும் ஆர்வலருக்கு ஓர் எச்சரிக்கை. நம்மூர் ஸ்விஃப்டின் சக்கரத்தில் நான்கு துளைகள், 100 மி.மீ. வட்டத்தில். ஸ்போர்ட்டில் ஐந்து துளைகள், 114.3 மி.மீ. வட்டத்தில். பெயர் ஒன்றாக இருந்தாலும் மாட்டாது. துளை பொருந்தினாலும் நடுத்துளை பொருந்த வேண்டும். ஸ்விஃப்டுக்கு அது 54.1 மி.மீ.; கடை ரிம்களில் பொதுவாக இன்னும் அகலமாக இருக்கும். இடைவெளியை நிரப்பும் வளையம் போடாவிட்டால் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அமைதியாக இருந்த ஸ்டீயரிங் எண்பதில் நடுங்கும். பிறகு ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது மாட்டும் முகம் விலகியிருக்கும் தூரம், மில்லிமீட்டரில்: 45 இருந்த இடத்தில் 35 போட்டால் சக்கரம் பத்து மி.மீ. வெளியே வரும். தோரணையாகத்தான் இருக்கும், குடும்பத்தோடு திருச்செந்தூர் புறப்படும் வரை. பின் சீட்டில் மூன்று பேர் ஏறியதும் டயர் மட்கார்டில் உரசத் தொடங்கும்.

டயர் மீதுள்ள மற்ற எழுத்துகளை ஆர்வலர்கள் படிப்பதில்லை. 195/55 ஆர்16-ன் பின்னால் வரும் 87வி என்பதில் 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும், வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வரை ஓடும். டிரெய்லருக்குப் பின்னால் முப்பதில் ஊரும் வண்டிக்கு முதல் எண்தான் முக்கியம். நான்கு பேரும் மூட்டையும் ஏறும் காரில் தொழிற்சாலை தந்த எடை எண்ணுக்குக் கீழே இறங்கக் கூடாது. வி இருப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை, பயனும் இல்லை.

சட்டத்தின் நிலையையும் பதிவு செய்வது முறை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. இக்கட்டுரை 185/65 ஆர்15-ஐப் பரிந்துரைக்கிறது. மாருதியே அதே வண்டிக்குக் கொடுக்கும் அளவு அது. பக்கச்சுவரும் 120 மி.மீ. மிஞ்சுகிறது. கேட்பவர்கள் குறைவு என்பது களப்பணியில் தெரிந்ததே.

கேளாதவருக்கும் ஒரு வசதி உண்டு. புது ரிம் நான்குதான் வாங்குவார்கள், ஐந்தாவதற்குக் காசு மிஞ்சாது. டிக்கியில் பழைய இரும்பு ரிம்மோடு 165/80 ஆர்14 ஸ்டெப்னி கிடக்கும். பதினாறு அங்குல அலாய் பள்ளத்தில் விரிசல் விட்ட இரவில் அதைத்தான் மாட்டுவார்கள். விட்டத்தில் வித்தியாசம் 1.3 மி.மீ. மூன்று பளபளப்பும் ஓர் இரும்புமாக வண்டி வீடு வந்து சேரும். ஸ்பீடோமீட்டருக்கு ஒன்றும் தெரியாது.