முதலில் மேளம், அப்புறம் மண்டபம்

கல்யாணத்துக்கு நாள் குறித்த மறுநிமிடமே மண்டபம் தேடிக் கிளம்புவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். மைசூரில் அந்தப் பதற்றத்துக்குச் சரித்திர நியாயமே இருக்கிறது. 1897இல் இளவரசி ஜெயலக்ஷ்மம்மணியின் கல்யாண வைபவத்தின்போதுதான் பழைய மர அரண்மனை தீப்பிடித்து எரிந்தது. ஹென்றி இர்வின் வரைந்து 1912இல் கட்டி முடிந்த இப்போதைய அரண்மனையில் கல்யாண மண்டபம் என்றே ஒரு தனிக் கூடம் வைத்தார்கள். மேலே மயில் தீட்டிய வண்ணக் கண்ணாடி, சுற்றிலும் கிளாஸ்கோவில் வார்த்த இரும்புத் தூண்கள். சூடு கண்டவர்கள் மறுபடி மரத்தை நம்பவில்லை. ஆகவே மண்டபத்தைப் பார்த்துப் பிடிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதற்குப் பிறகு வரும் வரிசைதான் எனக்குப் புரியவில்லை. சமையல், போட்டோ, மேடை அலங்காரம், மணப்பெண்ணுக்கு மருதாணி, வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பை என்று எல்லாம் முடிந்து, பை மஞ்சளா சிவப்பா என்பதற்கும் ஒரு மாலை முழுவதும் செலவழித்து, கடைசியில் மண்டபத்து மேனேஜரிடம் போகிறபோக்கில், “மேளத்துக்கு நீங்களே யாரையாவது சொல்லிடுங்க” என்கிறோம். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. முதலில் மேளம், அப்புறம் மண்டபம். மாலைக் கச்சேரி வேண்டவே வேண்டாம்.

முதல் காரணம் வெறும் கணக்கு. நல்ல முகூர்த்தம் உங்கள் பெண்ணுக்கு மட்டும் வாய்த்த முகூர்த்தம் இல்லை. அன்றைக்கு ஊரில் தெருவுக்கு ஒரு கல்யாணம். ஜயலக்ஷ்மிபுரத்தில் மண்டபம் இல்லையென்றால் குவெம்புநகரில் இருக்கும், அங்கேயும் இல்லையென்றால் நஞ்சன்கூடு சாலையில் ஏதோ ஒன்று அகப்படும். சமையல்காரர் இரண்டு கல்யாணத்தை ஒப்புக்கொண்டு, ஆளைப் பிரித்து அனுப்பிச் சமாளிப்பார். நாகஸ்வர வித்வானுக்கு இருப்பது ஒரு வாய். ஒன்பது மணி முகூர்த்தம் இரண்டை ஒருவர் ஒப்புக்கொண்டால் அவரை இரண்டுக்குமே நம்பக்கூடாது. பஞ்சாங்கமும் நெருக்குகிறது. தமிழருக்கு ஆடி ஆகாது, கன்னடக்காரருக்கு ஆஷாடம் ஆகாது. இரண்டும் ஒன்றுதானே என்று நிம்மதியாக இருக்க முடியாது. ஆடி சூரியக் கணக்கு, ஜூலை நடுவில் பிறக்கும். ஆஷாடம் சந்திரக் கணக்கு, பெரும்பாலும் அதற்கு முன்பே வந்துவிடும். மைசூர்த் தமிழ்க் குடும்பத்துக்குக் கன்னடச் சம்பந்தி அமைந்தால், அவர்கள் மாதம் முடிவதற்குள் நம் மாதம் தொடங்கி, இரண்டு பக்கத்து மரியாதையும் சேர்ந்து கோடையின் வாலிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை விழுங்கிவிடும். பிறகு மகாளய பட்சம். பிறகு தசரா, அப்போது மைசூரில் முகூர்த்தம் கிடைத்தாலும் ஓட்டலில் அறை கிடைக்காது. மார்கழியை மட்டும் இரு தரப்பும் சண்டையில்லாமல் விலக்கிவைப்பார்கள். மிஞ்சிய நாட்களில் ஊரின் மொத்தக் கல்யாணமும் முட்டிமோதுகிறது. கன்னடத்தில் வாலகம் என்றழைக்கப்படும் இந்த மேளத்தில் நல்ல செட் எத்தனை இருக்கிறது என்று விசாரித்துப் பார்த்தால், மண்டபக் கவலை எவ்வளவு சின்னக் கவலை என்று விளங்கும்.

இரண்டாவது காரணம், மேளம் செய்கிற வேலை. கல்யாணத்தில் ஒலிக்கும் சங்கீதங்களில் கல்யாணத்தை நடத்திவைப்பது மேளம் ஒன்றுதான்; மற்றவை கல்யாணத்துக்கு வந்துபோகிறவை. மாப்பிள்ளை வந்தாயிற்று, ஊஞ்சல் தொடங்கியாயிற்று, முகூர்த்தம் நெருங்கியாயிற்று என்று சாப்பாட்டுக் கூடத்தில் இருப்பவனுக்கும் சேதி சொல்வது அது. தாலி கட்டும் நேரத்தில் தவில்காரரைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். பசையில் தோய்த்த துணியைச் சுற்றிக் காயவைத்த கூடுகள் வலது கை விரல்களில். இடது கையில் கழி. கண் புரோகிதரின் கையில். நாகஸ்வரம் ஏதோ ஒரு ராகத்தின் பாதி வழியில் போய்க்கொண்டிருக்கும். புரோகிதர் மந்திரத்தை நிறுத்தாமல் ஒரு விரலை உயர்த்துவார். உடனே மேடையில் நிற்கும் மாமாக்களில் ஒருவர், யாரும் தராத அதிகாரத்தோடு, “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்று கத்துவார். அவர் வாயைத் திறப்பதற்குள் தவிலில் அடி விழுந்திருக்கும். எங்கேயாவது யாராவது தும்மினால் அது மணமக்கள் காதில் விழக்கூடாது என்பது கெட்டிமேளத்துக்குப் பெரியவர்கள் சொல்லும் காரணம். இன்றைக்குத் தும்மலைவிட முக்கியமாக மறைக்க வேண்டியது, “சார், தாலியைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடிங்க” என்னும் குரல். போட்டோக்காரர் திருப்தி அடையும்வரை முகூர்த்தம் நீளும். மேளமும் கூடவே நீளும். எதை வாசிக்கக்கூடாது என்பதும் இந்த வித்தையில் சேர்த்தி. பந்தலில் முகாரி பக்கம் போகாதிருக்கவும், ஏற்கெனவே தூக்கக் கலக்கத்தில் இருக்கும் மாப்பிள்ளைக்கு எதிரே நீலாம்பரியைத் தொடாதிருக்கவும் தெரிந்தவரே கல்யாண வித்வான்.

பென் டிரைவில் எல்லாம் இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டால் செலவு மிச்சம் என்பார்கள் சிக்கனக்காரர்கள். பதிவு செய்த கெட்டிமேளம் நாற்பது விநாடி ஓடும். மூன்றாவது முடிச்சு போட நாத்தனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் அது தீர்ந்துபோய், அடுத்த பாட்டு தானாகத் தொடங்கிவிடும். அடுத்த பாட்டு எது என்பது அந்தப் பென் டிரைவ் அதற்கு முன் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போய்வந்தது என்பதைப் பொறுத்தது. மேலும், பென் டிரைவை இயக்க ஒரு ஆள் வேண்டும். அந்தப் பொறுப்பு பெரும்பாலும் பெண்ணின் சித்தப்பா பையனுக்குப் போகும். அவன் சரியாக அந்த நேரம் பார்த்துக் காபி குடிக்கப் போயிருப்பான். புரோகிதரின் விரலைப் பார்க்கத் தெரிந்த இயந்திரம் வரும்வரை இந்தச் சிக்கனம் பலிக்காது.

இனி மாலைக் கச்சேரிக்கு வருவோம். வேண்டாம் என்று நான் சொல்வது சங்கீதத்தின் மேலுள்ள மரியாதையால். மைசூர்க்காரர்களுக்குக் காது இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வீணை சேஷண்ணாவும் மைசூர் வாசுதேவாசாரியரும் இருந்த ஊர். வி.வி. மொகல்லா எட்டாவது கிராஸில் விநாயக சதுர்த்தியை ஒட்டித் தெருவிலேயே பந்தல் போட்டுக் கச்சேரி நடக்கும். தெருவில் உட்கார்ந்தே ஜனங்கள் கேட்பார்கள். குவெம்புநகரில் கானபாரதி தன் அரங்குக்கே வீணை சேஷண்ணா பெயரை வைத்திருக்கிறது. மைக் இல்லாத காலத்தில் பிடில் கடைசி வரிசைவரை எட்டவில்லை என்று நான்கு தந்தியை ஏழாக்கிய சௌடையா இந்த ஊர்க்காரர். அப்பேர்ப்பட்ட ஊரில், கல்யாண வரவேற்பில் பாடுகிறவருக்கு மைக், ஸ்பீக்கர், மானிட்டர் எல்லாம் கொடுத்து, கேட்க ஆளை மட்டும் கொடுப்பதில்லை. வர்ணம் பாடும்போது நாற்காலிகள் காலி. கீர்த்தனை தொடங்கும்போது கூட்டம் வரும். வந்து, மணமக்களோடு படம் எடுக்கும் வரிசையில் பாடகருக்கு முதுகைக் காட்டி நிற்கும். ராகம் விஸ்தாரமாகும் கட்டத்தில் இலை போட்டாயிற்று என்று சேதி வரும். மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனத்துக்கு மிச்சமிருப்பது, சாப்பிட முடியாத வயிற்றுக்காரர் ஒருவரும், அம்மாவைத் தேடும் குழந்தை ஒன்றும். இதில் விருந்தாளிகளின் தப்பு எதுவும் கிடையாது. மணமக்களைப் பார்த்து, அட்சதை போட்டு, சாப்பிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க அவர்களுக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணிக்குள் ஒரு கல்யாணி ராகத்துக்கும் இடம் வேண்டும் என்றால் பாயசத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அதை எந்த நியாயஸ்தரும் கேட்க மாட்டார்.

அந்தக் காலத்தில் பெரிய வித்வான்கள் கல்யாணத்தில் பாடவில்லையா என்று கேட்பீர்கள். பாடினார்கள், பந்தல் நிறைந்தது, வாஸ்தவம். ஆனால் அந்தக் கல்யாணம் நான்கு நாள், ஐந்து நாள் நடந்த கல்யாணம். வந்தவர்கள் வந்த இடத்திலேயே தங்கினார்கள். மூன்றாம் நாள் மாலையில் கச்சேரி கேட்பதைவிட வேறு வேலையும் இல்லை. நாட்களைக் கத்தரித்தோம், விருந்தாளிகளைக் கத்தரித்தோம், கச்சேரியை மட்டும் பழைய அளவிலேயே வைத்துக்கொண்டோம். கௌரவத்துக்காகத்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழியிருக்கிறது. அந்தப் பணத்தை ஒரு சபாவுக்குக் கொடுத்து, கல்யாணம் கழிந்த மாதத்தில் தம்பதி பெயரில் ஒரு கச்சேரி வைக்கச் சொல்லுங்கள். கேட்க விரும்புகிறவன் வருவான், பாடகர் மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பாடுவார், பெயரும் பேனரில் இருக்கும்.

இளசுகளின் ஆட்சேபம் வேறு மாதிரி. மேளம் பெரியவர்களுக்கு, எங்களுக்கு ஆர்கெஸ்ட்ராவோ டிஜேவோ வேண்டும் என்பார்கள். தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். ஆட்டத்துக்கு முதுகைக் காட்டினால் யாருக்கும் அவமரியாதை இல்லை. சட்டமும் அவர்கள் பக்கம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில், உண்மையான மதச் சடங்கில் பாட்டுப் பாடவோ ஒலிபரப்பவோ அனுமதி வாங்கத் தேவையில்லை என்கிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தையொட்டிய கொண்டாட்டங்களும் அந்தச் சடங்கில் அடக்கம் என்று விளக்கமும் தருகிறது. கல்யாண வீட்டில் ராயல்டி கேட்கக்கூடாது என்று 2023 ஜூலையில் மத்திய அரசு ஓர் அறிவிப்பே வெளியிட்டது. ஆகவே சம்பந்திகள் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு ஆடும் குத்துப் பாட்டு, சட்டத்தின் பார்வையில் சப்தபதிக்குப் பங்காளி. என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: முன்பணத்தை முதலில் மேளத்துக்குக் கொடுத்துவிட்டு, மீதியில் டிஜேயைப் பேசுங்கள்.

மேளம் காதைப் பிளக்கிறது என்பது கடைசி ஆட்சேபம், அதில் பாதி நியாயமும் இருக்கிறது. நாகஸ்வரமும் தவிலும் கோயில் பிராகாரத்துக்கும் வீதி உலாவுக்கும் ஏற்பட்ட வாத்தியங்கள். அவற்றை ஏசி ஹாலுக்குள் உட்காரவைத்து, போதாக்குறைக்கு முன்னால் மைக்கும் வைப்பது நம் கைங்கரியம். மைக்கை எடுத்துவிடுங்கள், பாதிப் புகார் அப்போதே தீரும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று எல்லை வைத்து, இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. வாத்தியத்துக்கும் பிற்பாடு அதே தடை வந்தது. பிரம்ம முகூர்த்தத்தில் தாலி கட்டுகிற வீட்டார் இதைக் கவனிக்க வேண்டும். அந்த வேளைக்குக் கெட்டிமேளம் மூடிய கூடத்துக்குள்தான்.

ஆக, மேளம் பேசப் போகும்போது என்ன பேசுவது? நாகஸ்வரம் இரண்டா ஒன்றா, தவில் இரண்டா ஒன்றா, தாளம் போட ஆள் உண்டா, சுருதிப் பெட்டி அவர்களுடையதா என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். முந்தின நாள் மாலை வரவேண்டுமா, வந்தால் எங்கே படுப்பார்கள் என்பதை நாம் சொல்ல வேண்டும். முகூர்த்த நாள் காலையில் முதல் பந்தியில் அவர்களுக்கு டிபன். மூச்சை முதலாக வைத்து வேலை செய்கிறவரைப் பட்டினி போட்டு ஊதச் சொல்வது பாவம், கேட்கிறவர்களுக்கும் நல்லதில்லை. அப்புறம் வெற்றிலை பாக்கோடு முன்பணம். மிச்சத்தை அவர்களிடம் விட்டுவிட வேண்டும். இதற்கு மைசூரிலேயே உத்தமமான முன்மாதிரி உண்டு. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் நம் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரை ஆஸ்தானத்தில் வைத்துக்கொண்டார்; திருநெல்வேலிச் சீமைக்காரர் சாமுண்டேசுவரி பேரில் கன்னடத்தில் 108 கிருதிகள் செய்து கொடுத்தார். அடுத்து வந்த ஜெயசாமராஜ உடையார், தாமே 94 கிருதிகள் செய்தவர், 1950 மே 22ஆம் தேதி லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் கடைசிப் பாடல்கள் நான்கும் முதன்முதலாக அரங்கேறியபோது செலவுக்கு உத்தரவாதம் கொடுத்தார். தமக்கு ஒரு ஒலிப்பதிவு வந்து சேர வேண்டும் என்பதே பதிலுக்கு அவர் எதிர்பார்த்தது. பணத்துக்குப் பொறுப்பேற்றவர், நடுவில் துண்டுச் சீட்டு அனுப்பி அத்தைக்குப் பிடித்த சினிமாப் பாட்டை வாசிக்கச் சொல்லவில்லை. கல்யாண வீட்டு மாமாக்கள் பின்பற்ற வேண்டிய ராஜநீதி இது.

எல்லாம் சரி, மேளத்தை முதலில் பேசிவிட்டு, அந்தத் தேதிக்கு மண்டபம் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொள்ளலாம். வெட்டவெளிக்கென்றே பிறந்த வாத்தியம், முகூர்த்தம் மட்டும் ஆறு மணிக்கு மேல் இருக்க வேண்டும். மண்டபம் கிடைத்து மேளம் கிடைக்காதவருக்கு இப்படி ஒரு மாற்று வழி இல்லை. அவர் சித்தப்பா பையனைத்தான் நம்ப வேண்டும்.