பசுங்கன்னும் பட்டாணியும்

வா சாமி. மைசூரு மானசகங்கோத்ரியில ஆராய்ச்சி பண்ற பெரிய மனுசன்! கண்ணாடிக் குடுவையில நஞ்சன்கூடு ரசபாளே வாழைக் கன்னா? "தாய்மரத்தோட அதே ஜீன்தான் தாத்தா, அச்சு அசலா அதே பழம் வரும்"ங்கிறியே, உங்கப்பனுக்கும் என்ற ஜீன்தான். ஒருநாள் மம்பட்டியைத் தொட்டிருப்பானா?

ஜீன் இருந்தாப் போதுமா, அதைப் பேச விடணுமல்ல? எட்டு ஹிஸ்டோன் புரதம் கூடி உக்காந்து, டிஎன்ஏவை 147 எழுத்து நீளத்துக்குத் தங்களைச் சுத்தி இறுக்கி வெச்சிருக்குது. 1969லயே ஒப்பிட்டுப் பாத்தாங்க: பசுங்கன்னோட எச்4 ஹிஸ்டோன்ல 102 அமினோ அமிலம், பட்டாணியோடதுலயும் 102. வித்தியாசம் ரெண்டே ரெண்டு! உங்க பாட்டி என்னை மாடுங்கறப்ப, பட்டாணின்னும் சொல்லலாம்னு சொல்லிப் பாக்கறேன், கேக்கறதில்லை.

கடுகு சாதியில அரபிடாப்சிஸ்னு ஒரு குட்டிச்செடி. பூவுல பேச வேண்டிய ஜீனை இலையில வாய்திறக்காம அடக்கி வெக்கறது பாலிகோம்ப் புரதக் கூட்டம். அதுல ஒண்ணைக் கெடுத்தா, அந்த ஜீன் இலையிலயே முழிச்சு இலை சுருண்டுக்குது.

நெத்தியைச் சுருக்காதே, நீ கசக்கிப் போட்ட காகிதத்துல படிச்சதுதான். மலேசியாவுல உன் குடுவைக் கன்னு மாதிரியே திசு வளர்ப்புல பெருக்குன எண்ணெய்ப்பனை நட்டாங்க. வருசக்கணக்கா தண்ணி விட்டு வளத்தப்புறம், சில மரத்துல பூ கோணிக்கிச்சு, காயில எண்ணெய் கொறஞ்சுபோச்சு. டிஎன்ஏ எழுத்து ஒண்ணும் மாறலை. பூ ஜீனுக்குள்ள 'கர்மா'ன்னு ஒரு தாவுற டிஎன்ஏ துண்டு, அது மேல ஒட்டியிருந்த மீத்தைல்ங்கிற வேதி முத்திரை அழிஞ்சுபோச்சு. 2015ல கண்டுபிடிச்சு 'கெட்ட கர்மா'ன்னே பேர் வெச்சாங்க. இந்த முத்திரையைக் குத்தறதும் புரதம்தான். டிடிஎம்1னு இன்னொரு புரதம் ஹிஸ்டோனை நகத்தி வழிவிட்டாத்தான் பல எடத்துல முத்திரை குத்தற புரதம் உள்ளயே போக முடியும். நம்ம தாலுக்கா ஆபீஸ் தோத்துது போ.

வாழைக்கும் அதே கர்மான்னு நான் சொல்லலை. ஆனா திசு வாழையில நடுவுல குட்டை மரம் கிளம்பறது ஊரறிஞ்ச சங்கதி. அதுக்காகக் குடுவையைத் தூக்கிக் கடாசவும் முடியாது. பக்கக்கன்னு எடுத்து நட்டா பனாமா வாடல் நோயும் கூடவே வந்துரலாம், ரசபாளேயை அழிச்சதே அதுதான். அதனால, கன்னு விக்கறவன்கிட்ட ஒரே மொட்டை எத்தனை தடவை அறுத்து அறுத்துப் பெருக்குனீங்கன்னு கேட்டு, கம்மியாப் பெருக்குன கன்னா வாங்கு.

கேக்கறப்ப ஹிஸ்டோன், கர்மான்னு ஆரம்பிச்சிராதே. படிச்சவன்னு தெரிஞ்சா கன்னுக்கு ரெண்டு ரூபா சேத்துச் சொல்லுவான்.